மணலும் கண்ணாடியும்

மனிதன் தன் உழைப்பினாலும் அறிவினாலும் இயற்கையை மாற்றியமைத்த வரலாற்றிலே கண்ணாடிக்குத் தனியிடம் உண்டு. காலில் மிதிபடும் மணலை எடுத்து, தீயிலிட்டு, ஒளி ஊடுருவும் பொருளாக்கியவன் மனிதன். இன்று நம் மாணவர் கையிலிருக்கும் தொலைபேசியின் முகத்திலே அக்கண்ணாடி புதியதொரு வடிவம் பெற்றிருக்கிறது. சட்டைப்பையிலுள்ள சாவியோடு உராய்ந்தாலும் அது எளிதிற் கீறுபடுவதில்லை. அண்மைக் காலத்திலே சில தொலைபேசிகளில் அது புத்தகத்தைப் போல மடிக்கவும் படுகிறது. கீறாத கண்ணாடி, வளையும் கண்ணாடி என்னும் இரண்டும் மிகப் பழைய கனவுகள். அவை நனவானது நம் காலத்திலேதான்.

இந்தக் கனவு எங்கே, யாருடைய உழைப்பினால், எத்தகைய சமுதாய ஏற்பாட்டின் கீழ் நனவாயிற்று? இக்கேள்வியைத் திருகோணமலைக் கரையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. வடக்கே கொக்கிளாயை அடுத்த புல்மோட்டை தொடக்கம் தெற்கே வெருகலுக்கு அண்மையிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரம் வரை இம்மாவட்டத்தின் கிழக்கெல்லை முழுவதும் கடலும் மணலுமே. அம்மணலிற் சில பகுதிகள் உலகத் தொழிற்சாலைகள் விலைகொடுத்து வாங்கும் கனிப்பொருளைக் கொண்டவை. ஆயினும் இக்கரையிலே ஒரு கண்ணாடித் துண்டுதானும் வார்க்கப்படுவதில்லை. மணல் இருக்கும் இடத்தில் கண்ணாடி இல்லாதிருப்பது ஏன்? கண்ணாடியின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்த்தாலன்றி இதற்கு விடை கிடையாது.

அரசனும் கண்ணாடித் தொழிலாளியும்

வளையும் கண்ணாடியைப் பற்றிய முதற்கதை றோமாபுரியிலிருந்து வருகிறது. தைபீரியஸ் மன்னனின் காலத்திலே ஒரு கைவினைஞன் உடையாத கண்ணாடியைக் கண்டுபிடித்தானாம். பெற்றோனியஸ் என்னும் எழுத்தாளர் கூறும் வடிவத்தில், அவன் தான் செய்த கிண்ணத்தை மன்னன் முன் கொண்டுபோய்த் தரையிலே எறிந்தான். கிண்ணம் உடையவில்லை, செப்புப் பாத்திரம் போல் நெளிந்தது. சிறு சுத்தியலை எடுத்துத் தட்டி அதை நேராக்கினான். இவ்வித்தை வேறு யாருக்கேனும் தெரியுமா என மன்னன் கேட்டான். தெரியாது என்ற மறுமொழி கிடைத்ததும் அவன் தலையை வெட்டும்படி கட்டளையிட்டான். இவ்வித்தை பரவினால் பொன்னின் மதிப்பு மண்ணின் மதிப்பாகிவிடும் என்பது மன்னனின் அச்சம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட பிளினி என்னும் அறிஞரும் இச்செய்தியைக் குறிப்பிடுகிறார். செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றின் விலை வீழ்ந்துவிடாதபடி அத்தொழிலாளியின் பட்டறை அழிக்கப்பட்டதென்று கூறிவிட்டு, இக்கதை பரவிய அளவுக்கு உறுதியானதன்று என்ற எச்சரிக்கையையும் அவர் சேர்த்திருக்கிறார். கதை நடந்ததோ இல்லையோ, அதைக் கட்டிய மக்கள் ஓர் உண்மையை உணர்ந்திருந்தார்கள். புதிய தொழிலறிவு பிறக்கும்போது பழைய செல்வத்தை வைத்திருப்பவர் அஞ்சுவர். அவ்வறிவை ஒன்றில் அழிப்பர், அன்றேல் தமதாக்கிக்கொள்வர். அழிப்பது பழைய வழி. பூட்டிவைத்து விற்பது புதிய வழி.

பிளினியின் அதே நூல் நமக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. இந்தியாவிலே உடைந்த பளிங்கைக் கொண்டு கண்ணாடி செய்கிறார்கள் என்றும், அதனால் இந்தியக் கண்ணாடிக்கு நிகரானது வேறில்லை என்றும் சிலர் கூறுவதாக அவர் எழுதுகிறார். தப்ரபேன் என அக்காலத்தார் அழைத்த இலங்கையிலிருந்து குளோடியஸ் மன்னனிடம் தூதர் சென்ற செய்தியைச் சொல்பவரும் அவரே. ஆகவே கண்ணாடி மேற்கிலே பிறந்து நமக்கு வந்த பொருள் என்று எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நம் முன்னோரின் உலைகள்

குருநாகல் மாவட்டத்திலுள்ள கிரிபாவ என்னுமிடத்தில் நடந்த அகழ்வாய்வுகள், கிறித்து சகாப்தத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் இலங்கையிலேயே மூலக்கண்ணாடி உருக்கப்பட்டதைக் காட்டின. மன்னார்க் கரையிலுள்ள மாந்தைத் துறைமுகத்திலும் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டிலும் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கிச் செய்த இம்மணிகள் தென்கிழக்காசியா வரை சென்றன. அவற்றை இந்தோ-பசுபிக் மணிகள் என ஆய்வாளர் அழைப்பர். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இத்தொழில் பழைய முறையிலேயே நடைபெற்று வந்தது.

இரசாயன ஆய்வு இங்கே ஒரு வியப்பான செய்தியைத் தருகிறது. றோமக் கண்ணாடியிலே அலுமினா நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் இருப்பதில்லை. தென்னிந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பழங்கண்ணாடியிலோ அது பன்மடங்கு மிகுதி. கருங்கற் பாறைகள் சிதைந்த மணலையும் நிலத்திலே பூக்கும் உவரையும் சேர்த்து உருக்கியதன் விளைவு இது. நம் முன்னோர் அறிந்து சேர்த்ததன்று, மண்ணின் இயல்பு. ஆனால் இன்று தொலைபேசி முகப்புக்கென வார்க்கப்படும் கண்ணாடியிலே அலுமினா வேண்டுமென்றே பெருமளவு சேர்க்கப்படுகிறது. மண் தந்த வாய்ப்பைக் காரணம் அறியாமற் பயன்படுத்தினார் பழையவர். காரணத்தைக் கண்டறிந்து அதைக் கருவியாக்கினார் புதியவர். கைத்திறனுக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே.

அத்தூரத்தைக் கடக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. இயந்திர யுகம் பிறந்த காலத்திலே நாம் குடியேற்ற நாடுகளாயிருந்தோம். போத்தலும் விளக்குச் சிமினியும் கப்பலில் வந்தன. 1908இல் மராட்டியத்தின் தலேகாவிலே மக்களிடம் ஒவ்வொரு பைசாவாகத் திரட்டிய நிதியைக் கொண்டு கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை என்பதே அதன் பெயர். சுதேசி இயக்கத்தார் கண்ணாடியைத் தேர்ந்துகொண்டமை தற்செயலன்று. விளக்கொளியைக் காக்கும் சிமினிக்கும் அந்நியனை எதிர்பார்த்திருந்த நாட்டின் சினம் அதிலே தெரிகிறது.

கண்ணாடி ஏன் உடைகிறது?

இனி விஞ்ஞானத்தின் பக்கம் திரும்புவோம். அணுக்களின் பிணைப்பைக் கணக்கிட்டால் கண்ணாடி மிக வலிய பொருளாயிருக்க வேண்டும். நடைமுறையிலோ அது சிறு அடிக்கே நொறுங்குகிறது. இம்முரண்பாட்டை விளக்கியவர் ஏ. ஏ. கிரிபித் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். கண்ணாடியின் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்பிளவுகள் உள்ளன, இழுவிசை வரும்போது அதன் தாக்கம் பிளவின் கூர்நுனியிலே குவிகிறது, பிளவு ஓடுகிறது, கண்ணாடி உடைகிறது. 1921இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம் இது. மயிர்போல் மெல்லிதாக இழுத்த கண்ணாடி இழைகள் தடித்த கண்ணாடியைவிடப் பன்மடங்கு வலியவையாயிருப்பதையும் அவர் காட்டினார்.

ஆகவே கீறல் வேறு, உடைவு வேறு அன்று. கீறல் நாளைய உடைவின் வித்து. கடற்கரை மணலிலுள்ள குவாட்ஸ் என்னும் பளிங்குத் துகள் சாதாரண கண்ணாடியைவிட வன்மையானது. நிலாவெளிக் கரையிலே தொலைபேசியை மணல்மேல் வைத்தெடுப்பவர் அதன் முகத்திலே கீறல் காண்பது அதனாலேதான்.

பிளவு ஓடாதிருக்க என்ன செய்யலாம்? மேற்பரப்பை எப்போதும் நெருக்கத்தில் வைத்திருந்தால், வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்நெருக்கத்தை வென்றாக வேண்டும். இதற்கொரு வழி, சோடியம் கலந்த கண்ணாடியை ஏறத்தாழ 400 பாகை வெப்பமுள்ள உருகிய பொட்டாசியம் நைத்திரேற்றிலே அமிழ்த்துதல். வெடியுப்பு என நாம் அறிந்த பொருளே அது. அமிழ்த்தியதும் கண்ணாடியின் மேற்படையிலுள்ள சோடிய அயன்கள் வெளியேறுகின்றன. அவற்றின் இடத்திலே பொட்டாசிய அயன்கள் புகுகின்றன. பொட்டாசிய அயன் சோடிய அயனைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெரியது. ஒருவர் இருக்கும் ஆசனத்திலே பருத்த ஒருவர் வந்தமர்ந்தாற் பக்கத்திலிருப்பவர் நெருங்குவது போல, மேற்படை முழுவதும் நெருக்குண்டு இறுகுகிறது. அலுமினா மிகுந்த கண்ணாடியிலே இந்த இடமாற்றம் விரைவாகவும் ஆழமாகவும் நிகழும். பழைய மணிகளிலே மண்ணின் இயல்பால் இருந்த அலுமினாவைப் புதிய உலையிலே வேண்டிச் சேர்ப்பதன் காரணம் இதுதான்.

அயன் மாற்றத்தால் எழும் நெருக்கத்தைப் பற்றி சாமுவேல் கிஸ்லர் என்பவர் 1962இல் எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் கோர்னிங் கம்பனி இவ்வகைக் கண்ணாடியைக் கெம்கோர் என்னும் பெயரில் வெளியிட்டது. ஆனால் வாங்குவோர் போதவில்லை. பத்தாண்டு கழியுமுன்னரே அம்முயற்சி கைவிடப்பட்டது. 2007இல் அப்பிள் கம்பனி தன் தொலைபேசியைக் காட்சிக்கு வைத்தபோது அதன் முகம் பிளாஸ்டிக்கினாலானது. பையிலே சாவியோடு கிடந்து அது கீறுபடுவதைக் கண்டபின் கண்ணாடி வேண்டுமென முடிவாயிற்று எனக் கூறுவர். கோர்னிங் தன் பழைய ஆய்வை மீண்டும் கையிலெடுத்தது. கென்ரக்கி மாநிலத்து ஹரொட்ஸ்பேர்க் தொழிற்சாலையிலே சில மாதங்களுக்குள் உற்பத்தி தொடங்கிற்று. கொறில்லாக் கண்ணாடி என உலகம் அறிவது இதனையே.

அந்தச் சில மாதங்களின் வேகத்தைப் புகழ்வோர் பலர். அவ்வேகத்துக்குப் பின்னே நாற்பத்தைந்து ஆண்டுக் குறிப்பேடுகளும், உலையருகே நின்று பழகிய தொழிலாளரின் தலைமுறைகளும், உடனடி இலாபம் தராத ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணமும் இருந்தன. அறிவு சேமிப்பாக இருந்தமையால் வாய்ப்பு வந்தபோது அது பயன்பட்டது.

வளைவின் கணக்கு

கண்ணாடியை வளைப்பதற்குரிய கணக்கு எளியது. ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் சுருங்க வேண்டும். நீளவேண்டிய விகிதம், தகட்டின் தடிப்பை வளைவின் விட்டத்தால் வகுத்த ஈவுக்கு ஏறத்தாழச் சமம். ஒரு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கண்ணாடியை மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள வளைவாக மடிக்க வேண்டுமாயின், வெளிப்பக்கம் தன் நீளத்திற் காற்பங்குக்கு மேல் நீள வேண்டும். சாதாரண யன்னற் கண்ணாடி ஆயிரத்தில் ஒரு பங்கு நீளுமுன்னரே உடைந்துவிடும். ஆனால் தடிப்பை 0.03 மில்லிமீற்றராகக் குறைத்தால் நூற்றில் ஒரு பங்கு நீண்டாற் போதும். மேற்பரப்பிற் பிளவில்லாது வார்த்து, அயன் மாற்றத்தால் இறுக்கிவிட்டால் அந்த நூற்றிலொரு பங்கைக் கண்ணாடி தாங்கும். வளையும் கண்ணாடியின் மந்திரம் இவ்வளவே. கண்ணாடியின் இயல்பு மாறவில்லை, தடிப்பு மாறிற்று.

அவ்வளவு மெல்லிய கண்ணாடியை வார்ப்பதுதான் அரிது. கோர்னிங் கம்பனி 1960களில் உருவாக்கிய முறை ஒன்று குறிப்பிடத்தக்கது. உருகிய கண்ணாடியை நீண்ட தொட்டி ஒன்றில் ஊற்றுகின்றனர். அது இருபுற விளிம்புகளாலும் வழிந்து, ஆப்புப் போற் கூம்பிய அடிப்பாகத்திலே ஒன்றுசேர்ந்து, ஒரே தகடாகக் கீழிறங்குகிறது. அத்தகட்டின் இரு முகங்களும் காற்றைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. ஆகவே தேய்த்து மெருகிடத் தேவையில்லை. உலையின் பெருவெப்பத்திலே பல மாதங்கள் வளையாது நிற்கவேண்டிய இத்தொட்டியைச் செய்யப் பயன்பட்ட பொருள் யாது? சிர்க்கோன். புல்மோட்டை மணலிலே கருமணலோடு கலந்து கிடக்கும் அதே கனிப்பொருள்! நம் மணல்தான் அங்கே போயிற்று என்று சொல்வதற்கில்லை. சிர்க்கோன் பல நாடுகளிற் கிடைக்கிறது. ஆனால் கீறாத கண்ணாடியின் கருவறையாக அமைந்த கனிப்பொருளை நம் கரை தன் மடியிலே வைத்திருக்கிறது என்பது உண்மை.

2012இல் கோர்னிங் காகிதம் போலச் சுருட்டத்தக்க 0.1 மில்லிமீற்றர்க் கண்ணாடியை அறிமுகம் செய்தது. 2019இல் வெளிவந்த சாம்சங்கின் முதல் மடிப்புத் தொலைபேசிக்குப் பிளாஸ்டிக்கே முகமாயிருந்தது. 2020 பெப்ரவரியில் வந்த அடுத்த வடிவத்திலே 0.03 மில்லிமீற்றர் அளவான கண்ணாடி இடம்பெற்றது. அதற்கான மூலக்கண்ணாடியை வழங்கியது ஜேர்மனியின் ஷொட் நிறுவனம். இக்கண்ணாடி வளையும், ஆனால் இதன் மேலே பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது, அப்படலம் நகத்துக்கே தழும்பேறும். வளைவதற்கு மெலிய வேண்டும், கீறாதிருக்க வன்மை வேண்டும் என்னும் இரண்டு தேவைகளும் முற்றாக இணங்கிவிட்டன என்று இன்னும் சொல்லமுடியாது.

அறிவு யாருடைய உடைமை?

ஷொட் என்னும் பெயரோடு, நம் ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்கவேண்டிய சமுதாய வரலாறு ஒன்று பிணைந்திருக்கிறது. ஏர்ன்ஸ்ட் அபே என்பவர் 1840இல் நூல்நூற்கும் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தந்தை நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் நின்றபடியே வேலை செய்ததைக் கண்டு வளர்ந்தவர். பின்னர் ஜேனா நகரிலே பௌதிகப் பேராசிரியராகி, கார்ல் சைஸின் நுணுக்குக்காட்டித் தொழிலுக்கு விஞ்ஞான அடிப்படை அமைத்தார். கண்ணாடி இரசாயனத்தில் வல்லவரான ஒட்டோ ஷொட்டைச் சேர்த்துக்கொண்டு 1884இல் ஜேனாவிலே கண்ணாடி ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. வில்லைகளுக்கான புதிய கண்ணாடிகள் அங்கே பிறந்தன. 1889இல் அபே ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்து, தமக்குரிய பங்குகளை அதற்கே எழுதிக்கொடுத்தார். 1900இல் சைஸ் தொழிற்சாலையிலே எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. இன்றும் ஷொட் நிறுவனம் அவ்வறநிலையத்தின் உடைமையே.

இதைக்கொண்டு அபே ஒரு புதிய சமுதாயத்தைப் படைத்துவிட்டார் எனக் கூறவேண்டியதில்லை. அவ்வறநிலையத்தின் நிறுவனங்கள் உலகச் சந்தையிலே மற்றவற்றைப் போலவே வாணிகம் செய்கின்றன. இரு உலகப் போர்களிலும் ஜேனாவின் வில்லைகள் படைக்கருவிகளாயின. ஆனால் ஒன்றை அது நிரூபித்தது. தொழிலறிவு தனியார் பொக்கிஷமாக இருந்தாலன்றி வளராது என்பது பொய். தொழிலாளிக்கு ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குன்றும் என்பதும் பொய்.

இன்னுமொரு சான்று நமக்கு அண்மையிலே இருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது ஜேர்மன் ஒளியியற் கண்ணாடி வராதொழிந்தமையால் பிரித்தானியாவே திண்டாடியது. அக்கண்ணாடியைச் செய்யும் முறையைச் சில நாடுகள் இரகசியமாகக் காத்துவந்தன. சுதந்திர இந்தியா 1950இல் கல்கத்தாவின் யாதவ்பூரிலே மத்திய கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. அதன் பணிப்பாளராயிருந்த ஆத்மாராம் என்னும் விஞ்ஞானியின் தலைமையிலே 1960 அளவில் ஒளியியற் கண்ணாடி உள்நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. வெளியார் தர மறுத்த அறிவைப் பொதுப்பணத்தில் இயங்கிய ஆய்வுகூடம் ஒன்று பெற்றுத் தந்தது.

புல்மோட்டை

இனித் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகத்தை ஆண்டவர் அனைவரும் இதனைப் படைத்தளமாகவே கண்டனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் விரும்பியது ஆழமான குடாவை. அதைச் சூழ்ந்த மக்களின் தொழிலையன்று. 1942 ஏப்ரலிலே யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்தளத்தின் பொருட்டே. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதே 1957ஆம் ஆண்டிலே அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியே கனிய மணற் கூட்டுத்தாபனமும் பிறந்தது. படைத்தளம் போய்க் கைத்தொழில் வருகிறது என்று அன்றிருந்தோர் நம்பியதில் வியப்பில்லை.

புல்மோட்டை மணல் உலகிலே செறிவு மிக்க கனிய மணல்களுள் ஒன்று. ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளக் கரையிலே மணலின் பெரும்பகுதி பாரக் கனிப்பொருள்களாகவே அமைந்திருக்கிறது. அவற்றுள் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் இல்மனைட்; பத்துக்கு உட்பட்டனவாக ரூட்டைலும் சிர்க்கோனும்; சிறிதளவு மொனசைட்டு. வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டுதோறும் புதுமணலைக் கொணர்ந்து சேர்க்கின்றன. நீரோட்டத்தாலும் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் இவற்றைப் பிரித்தெடுக்கின்றனர். இல்மனைட்டும் ரூட்டைலும் தைத்தானியத்தின் மூலப்பொருள். உலகின் வெள்ளை வர்ணப்பூச்சு பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. சிர்க்கோன் மட்பாண்ட மெருகுக்கும் உலைக்கல்லுக்கும் உதவுகிறது.

1957இல் நாடு செய்தது சரியான முதற்படி. மணல் பொதுவுடைமையாயிற்று, பிரிக்கும் தொழில் இங்கேயே நடந்தது, அப்பகுதி மக்களுக்கு ஊதியம் கிடைத்தது. அடுத்த படி வைக்கப்படவில்லை. பிரித்த மணல் அவ்வாறே கப்பலேறியது. 1992இல் கூட்டுத்தாபனம் லங்கா கனிய மணல் நிறுவனமாக மாற்றப்பட்டது. உடைமை அரசிடமே இருந்தது. இன்றும் பெரும்பகுதி மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகிறது. 2008இல் அமைக்கப்பட்ட நானோ தொழினுட்ப நிறுவனத்தார் இல்மனைட்டிலிருந்து உயர்ந்த பொருள்களைப் பெறும் வழிகளை ஆராய்ந்தனர். ஆய்வு நடந்தது, ஆலை எழவில்லை.

போர் இவ்வூர்களை வாட்டியதையும் சொல்லவேண்டும். புல்மோட்டைக்கு அண்மையிலுள்ள தென்னமரவாடி மக்கள் 1984 டிசம்பரில் ஊரைவிட்டு ஓடினர். 1997 செப்டம்பரில் புல்மோட்டைக் கடலிலே இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ என்னும் கப்பலை விடுதலைப்புலிகள் தாக்கினர், மாலுமிகளும் மாண்டனர். எங்கோ பிறந்து, கூலிக்காகக் கப்பலேறி, யாரோ ஒருவரின் சுவருக்கு வர்ணமாகப் போகும் மணலுக்காக வந்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் அடித்துச் சென்றது. இத்துன்பங்கள் தொழில் வளராமைக்கு ஒரு காரணமே, முழுக்காரணம் அல்ல. போரில்லாத ஆண்டுகளிலும் மணலைத் தோண்டி விற்பதற்கு அப்பால் நம் சிந்தனை செல்லவில்லை.

கண்ணாடிக்கே உரிய வெண்சிலிக்கா மணலும் இத்தீவிலே உண்டு. மேற்கே நாத்தாண்டியா, மாரவில ஆகிய இடங்களிலும் வடக்கே வடமராட்சியின் அம்பன், வல்லிபுரம் பகுதியிலும் அது கிடக்கிறது. நாத்தாண்டியாவிலே அரசாங்கம் முன்னர் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை நடத்தியது. 1955இல் தோன்றிய இலங்கைக் கண்ணாடிக் கம்பனி 1999இல் இந்திய முதலாளிகளின் கைக்கு மாறியது; 2007 அளவில் ஹொரணையிலே புதிய உலை எழுந்தது. அங்கே செய்யப்படுவன போத்தல்கள். போத்தல் இழிந்த பொருளன்று. ஆனால் போத்தலோடு நின்றுவிடுவது பெருமையுமன்று.

கடலுக்கப்பால் நடப்பது

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலே வேறொரு காட்சியைக் காண்கிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்திலே கோர்னிங் கம்பனியும் ஓர் இந்தியக் கம்பனியும் கூட்டாகத் தொலைபேசிக் கண்ணாடித் தொழிற்சாலை அமைப்பதற்கு 2024 சனவரியில் மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்தன. 1,003 கோடி ரூபா முதலீடு, 840 பேருக்கு வேலை என அப்போது அறிவிக்கப்பட்டது. நம் மொழி பேசும் தொழிலாளர் கையிலே இக்கண்ணாடி வெட்டப்பட்டு மெருகேறுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வெட்டுவதும் மெருகிடுவதும் வேறு. உலையின் கலவையை அறிவது வேறு. கலவையறிவு காப்புரிமையின் பூட்டுக்குள் இருக்கும்வரை, தொழிற்சாலை நம் மண்ணில் நின்றாலும் தொழில் நம்முடையதாகாது.

மேலும், தொழிற்சாலை வந்தால் வாழ்வு வந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூரிலுள்ள பொக்ஸ்கொன் தொலைபேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர், தம் விடுதி உணவால் பலர் நோயுற்றதைக் கண்டித்துச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராட நேர்ந்தது. ஜேனாவிலே 1900இல் எட்டு மணி நேர வேலை வந்தது. நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர், அதே உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் நம் பெண்கள் நல்ல உணவுக்காகத் தெருவில் உட்கார்ந்தனர். கண்ணாடி புதிதாகிவிட்டது, உறவுகள் புதிதாகவில்லை.

செய்யத்தக்கது

திருகோணமலையிலே நாளையே தொலைபேசிக் கண்ணாடி வார்க்கலாம் என்று கூறுவது வெறும் ஆரவாரம். அதற்குரிய முதலும் சந்தையும் சிறிய நாடொன்றுக்கு எளிதிற் கிட்டா. ஆனால் புல்மோட்டைச் சிர்க்கோனை உலைக்கல்லாக்குவதும் இல்மனைட்டிலிருந்து தைத்தானியப் பொருள்களைப் பெறுவதும் இத்தீவின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல. நிலாவெளிக்கு அண்மையிலுள்ள கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அவ்வளாகத்துக்கும் புல்மோட்டைக்கும் இடையிலுள்ளது ஒரே கரையோரப் பாதை. அம்மணலைப் பற்றிய கனிப்பொருளியலும் கண்ணாடி விஞ்ஞானமும் அங்கே கற்பிக்கப்படவும் ஆராயப்படவும் வேண்டும். மணல் விற்ற பணத்தில் ஒரு பங்கு அதற்கென ஒதுக்கப்பட வேண்டும். கரை அரிப்பையும் மொனசைட்டின் கதிர்வீச்சையும் அளந்து, மீனவர்க்கும் ஊரவர்க்கும் விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அகழும் இடத்தைப் பற்றிய முடிவிலே அவ்வூர் மக்களுக்குக் குரல் இருக்க வேண்டும்.

1903 தொடக்கம் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற்பணிப்பாளராயிருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்திலே கலைமேதையாக உலகம் போற்றிய அவர், அந்நாளில் இத்தீவின் மலைகளையும் ஆறுகளையும் நடந்து ஆராய்ந்தார். தோரியனைட்டு என்னும் புதிய கனிப்பொருள் அவர் பணியினாலே வெளிப்பட்டது. தன் நாட்டின் கல்லை அறிந்தவரே அதன் கலையையும் அறிந்தார் என்பதை நம் மாணவர் மனங்கொள்ள வேண்டும். மண்ணறிவும் மக்களறிவும் பகைப்பொருள்கள் அல்ல.

தைபீரியஸின் கதையிலே கண்ணாடி செய்தவன் செய்த பிழை ஒன்றே. தன் வித்தை வேறு யாருக்கும் தெரியாது என்றான். அது பலருக்குத் தெரிந்திருந்தால் அவனைக் கொன்று பயனில்லை, கலையும் அழிந்திராது. அறிவைப் பலருடையதாக்குவது அதைக் காக்கும் வழி. அந்தப் பணி அரசர்களுடையதன்று, கம்பனிகளுடையதுமன்று. ஆசிரியர்களுடையது.